பகிரப் பகிர வளரும் பின்னல்

புதுச்சேரி நகரத்துக்கு வெளியே வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு, அரியாங்குப்பம் என ஐந்து கொம்யூன்கள், அதாவது பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்ற பெயரை இன்றும் சுமக்கும் ஊராட்சிப் பிரிவுகள், பரந்து கிடக்கின்றன. அங்கே நெல்வயலும் கரும்புக் கொல்லையும் எல்லார் கண்ணிலும் படுகின்றன. மதிய வேளையில் வீட்டுக்குள் நடக்கும் கைவேலை அவ்வளவாகப் படுவதில்லை. சந்தைக்குப் போகும் ஒயர் கூடை, நிலைவாசலில் தொங்கும் உல்லன் தோரணம், பிறந்த குழந்தையின் தலையில் ஏறும் குல்லா, மார்கழிப் பனிக்கு முதியவர் காதைச் சுற்றும் மஃப்ளர் ஆகியவற்றில் பெரும்பகுதி யாரோ ஒரு பெண் வீட்டுவேலைக்கு இடையே மிச்சப்படுத்திய நேரத்தில் உருவானவை. அவற்றைப் பின்னியவர் பெயர் தெருவைத் தாண்டித் தெரிவதில்லை என்பதும், அவருக்கு அதைக் கற்பித்தவர் பெயர் அவருடைய நினைவில் மட்டுமே இருக்கிறது என்பதும் நெடுங்காலமாக இருந்துவந்த நிலை.

அந்த நிலை இப்போது மாறிவருகிறது. கைப்பேசித் திரையின் வழியே ஓர் ஊரின் முடிச்சு இன்னோர் ஊரின் கைக்குச் சென்று சேர்கிறது. முன்பின் பார்த்திராத இருவர் ஒரு கண்ணி எங்கே தவறியது என்று சேர்ந்து தேடுகிறார்கள். முடித்த வேலையின் படத்தைப் பார்த்து ஆயிரம் மைல் தொலைவில் இருப்பவர் மகிழ்கிறார். பின்னல் கலையின் இன்பத்தில் பாதி கையில் இருக்கிறது என்றால், மறுபாதி அதைப் பிறரோடு பகிர்வதில் இருக்கிறது என்பதையும், பகிரப்படாத கைத்திறன் எத்தனை நேர்த்தியானதாக இருந்தாலும் ஒரு தலைமுறையோடு முடிந்துபோகும் என்பதையும் இக்கலையின் வரலாறு தெளிவாகவே காட்டுகிறது.

இரண்டு ஊசியும் ஒரு கொக்கியும்

பின்னல் என்னும் பொதுப்பெயருக்குள் வெவ்வேறு கலைகள் அடங்குகின்றன. ஸ்வெட்டர் பின்னும் முறையில் இரண்டு நீண்ட ஊசிகள் பயன்படுகின்றன. ஒரு வரிசையில் உள்ள கண்ணிகள், அதாவது நூலால் ஆன வளையங்கள், எல்லாம் ஒரே நேரத்தில் ஊசியின்மேல் உயிரோடு நிற்க, அடுத்த ஊசி அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் புதிய வரிசையை உண்டாக்குகிறது. ஒரு கண்ணி நழுவினால் அதற்குக் கீழே உள்ள வரிசைகளும் ஏணிப்படி போலப் பிரிந்துகொண்டே போகும் என்பதால் இம்முறை தொடர்ந்த கவனத்தைக் கேட்கிறது. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் குரோஷா என்று வழங்கும் முறையில் முனை வளைந்த ஒரே ஒரு கொக்கி ஊசி போதும். எந்த நேரத்திலும் ஒரு கண்ணி மட்டுமே திறந்திருக்கும் என்பதால், குழந்தை அழுதாலும் அடுப்பில் பால் பொங்கினாலும் வேலையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய் வரலாம். கிராமத்து வீடுகளுக்குக் குரோஷா பொருந்தி வந்ததற்கு இந்த எளிமை முக்கியமான காரணம்.

ஒயர் கூடையில் ஊசியே கிடையாது. நெகிழியால் ஆன ஒயரை அளவு பார்த்து வெட்டி, விரல்களால் முடிச்சிட்டு, முதலில் அடிப்பாகத்தையும் பிறகு பக்கங்களையும் எழுப்பி, இறுதியில் முனைகளை உள்ளே செருகி, கைப்பிடி கட்டி முடிக்கும் இவ்வேலையில் சாதா முடிச்சு, நெல்லிக்காய் முடிச்சு, சிவன் கண், பிஸ்கட் முடிச்சு எனப் பல வகைகள் வழக்கில் உள்ளன. இவற்றை உருவாக்கியவர் என்று எவர் பெயரும் இல்லை. ஒருவர் பின்னுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் கற்றுக்கொண்டு இன்னொருவருக்குக் காட்டியதால் பரவியவை.

வெப்ப நிலத்தில் பின்னலுக்கு என்ன வேலை என்ற கேள்வி இயல்பாக எழும். இன்று கிடைத்துள்ள மிகப் பழைய பின்னலாடைத் துண்டுகள் எகிப்தில் கண்டெடுக்கப்பட்டவை. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுப் பழமை கொண்ட அத்துண்டுகளில் உள்ள காலுறைகள் பல, பருத்தி நூலில், வெள்ளையும் அவுரி நீலமும் கலந்து பின்னப்பட்டவை. குளிர்நாட்டுக் கம்பளி இக்கலையைப் பின்னாளில் தனதாக்கிக்கொண்டது என்றாலும், அதன் பழைய சான்றுகள் வெயிலும் பருத்தியும் உள்ள நிலத்தில்தான் கிடைத்துள்ளன. ஆகவே பாகூர் ஏரிக்கரையில் பருத்தி நூலில் பின்னும் ஒருவர் வேற்று நாட்டுப் பழக்கத்தை நகலெடுப்பதாக எண்ண வேண்டியதில்லை.

நூலை அறிந்த மண்

புதுச்சேரி மண்ணுக்கும் நூலுக்கும் உள்ள உறவு நெடியது. 19ஆம் நூற்றாண்டில் இங்கே அவுரிச் சாயம் தோய்த்து அனுப்பப்பட்ட கினியா துணி என்னும் நீலப் பருத்தித் துணி, செனகல் முதலான மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் பணத்துக்கு ஈடாகவே கைமாறியது. சவானா, ரோடியர், பாரதி ஆகிய பஞ்சாலைகள் கொம்யூன் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்களை வேலைக்கு இழுத்தன. 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலையில் துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் உயிர்நீத்த நிகழ்வு இன்றும் நினைவுகூரப்படுகிறது. ரோடியர் ஆலையின் வழிவந்த ஏ.எஃப்.டி. ஆலை 2020இல் மூடப்பட்ட பிறகு, நூலோடு இம்மண் கொண்டிருந்த ஆலை உறவு ஏறக்குறைய முடிந்துபோனது. வீட்டுக்குள் இருக்கும் ஊசியும் கொக்கியும் அந்த நீண்ட உறவின் எஞ்சிய இழைகளில் ஒன்று என்று கொள்வது மிகையாகாது.

ஊசி வேலை பெண்கள் கையில் ஒரு தொழிலாக வளர்ந்ததில் கன்னியர் மடங்களுக்கும் சமயப் பணியாளர்களுக்கும் பெரும் பங்கு உண்டு. 1827இல் புதுச்சேரிக்கு வந்த குளூனி புனித சூசையப்பர் சபைச் சகோதரியர் தொடங்கிய வழியில், நகரின் ரோமன் ரோலண்ட் வீதியில் குளூனி பூ வேலை மையம் இன்றும் இயங்குகிறது. அங்கே பெண்கள் மேசை விரிப்பிலும் கைக்குட்டையிலும் கையாலேயே பூ வேலை செய்கிறார்கள். தெற்கே நாகர்கோவிலில் சமயப் பணியாளர் மார்த்தா மால்ட் 1820களில் லேஸ் பின்னலைப் பெண்களுக்குக் கற்பித்தார். அவர் மகள் எலிசா, திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குச் சென்றபோது அக்கலையையும் உடன் கொண்டுசென்றார். ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் தம் கையால் கூலி ஈட்டவும், எழுத்தறிவு பெறவும் அப்பின்னல் வகுப்புகள் வழி திறந்தன என்பதால், தமிழகத்தின் சமூக வரலாற்றில் ஊசிக்கும் ஓர் இடம் உண்டு.

திண்ணையிலிருந்து திரைக்கு

பின்னல் அடிப்படையில் பார்த்துக் கற்கும் கலை. எழுத்தில் அதை விளக்குவது கடினம் என்பதால், ஐரோப்பாவில்கூடக் குரோஷா வடிவங்கள் அச்சில் வரத் தொடங்கியது 1820களில்தான். அயர்லாந்தில் 1840களில் உருளைக்கிழங்குப் பஞ்சம் கொன்றுகுவித்தபோது, மடங்களில் கற்பிக்கப்பட்ட குரோஷா லேஸ் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. வடிவங்கள் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு வேகமாகப் பரவியதால்தான் அது முடிந்தது. தமிழ்நாட்டில் பள்ளித் தையல் வகுப்புகளும், மகளிர் இதழ்களின் கைவேலைப் பக்கங்களும் அப்பணியைச் செய்தன. ஆனால் இதழில் அச்சான நான்கு படங்களைப் பார்த்து ஒரு முடிச்சைப் புரிந்துகொள்ள முடியாமல் போனால் கேட்பதற்கு ஆள் இருக்காது. பக்கத்து வீட்டில் தெரிந்தவர் இருந்தால் உண்டு, இல்லையென்றால் நூல் பந்து பரணுக்குப் போய்விடும்.

அந்த இடைவெளியை நிரப்பியது இணையம். 2007இல் அமெரிக்காவில் ஜெசிகா, கேசிடி ஃபோர்ப்ஸ் தம்பதியர் தொடங்கிய ரேவல்ரி என்னும் தளம், பின்னுபவர்கள் தாங்கள் பயன்படுத்திய நூல், ஊசி அளவு, செய்த மாற்றங்கள், நேர்ந்த தவறுகள் ஆகியவற்றைப் படத்தோடு பதிந்துவைக்கும் பொதுப் பதிவேடாக வளர்ந்து, உலகம் முழுவதும் பல லட்சம் உறுப்பினர்களைச் சேர்த்துக்கொண்டது. ஒரே வடிவத்தை ஆயிரம் பேர் பின்னியதை ஒரே இடத்தில் பார்க்கும்போது, எந்த நூல் துவைத்தால் தொய்கிறது, எந்த அளவு குழந்தைக்குப் பொருந்துகிறது என்பவை ஒருவரின் அனுபவமாக நின்றுவிடாமல் எல்லாருக்குமான அறிவாகின்றன.

இந்தியக் கிராமங்களுக்கு அந்த வாய்ப்பு வந்துசேர்ந்தது 2016 செப்டம்பரில் ஜியோ கைப்பேசிச் சேவை அறிமுகமாகி இணையக் கட்டணம் சரிந்த பிறகே எனலாம். யூடியூபில் தமிழிலேயே ஒயர் கூடைக்கும் குரோஷாவுக்கும் காட்சி விளக்கங்கள் பெருகின. எத்தனை ஒயர் வெட்ட வேண்டும், ஒவ்வொன்றும் எத்தனை முழம், அடியை எங்கே திருப்ப வேண்டும் என்று கையை மட்டும் காட்டிச் சொல்லும் அக்காட்சிகளை, நிறுத்திப் பார்த்து, பின்னோக்கிச் சென்று, மறுபடியும் பார்த்துக் கற்பது எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவருக்கும் இயல்கிறது. ஒருமுறை மட்டும் பயன்படும் நெகிழிப் பொருள்கள் பல தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலும், நாடு முழுவதும் 2022 ஜூலையிலும் தடை செய்யப்பட்டபோது, ஆண்டுக்கணக்கில் உழைக்கும் ஒயர் கூடைக்கு மறுபடியும் மதிப்புக் கூடியது.

மொழித் தடையைக் கடக்கவும் வழி உண்டு. ஜப்பானியப் பின்னல் புத்தகங்களில் சொற்களுக்குப் பதிலாகக் குறியீடுகளால் ஆன வரைபடங்கள் இருக்கும். சங்கிலிக் கண்ணிக்குச் சிறு நீள்வட்டம், உயரக் கண்ணிக்குக் குறுக்குக்கோடிட்ட செங்கோடு எனச் சில குறிகளைப் பழகிவிட்டால், எழுதியவர் மொழி தெரியாமலேயே பின்னலாம். புள்ளிக்கோலத்தைப் பார்த்த மாத்திரத்தில் வரிசையும் இடைவெளியும் எண்ணிப் போடும் தமிழ்ப் பெண்களுக்கு இவ்வரைபடம் புதிரே அன்று. அமிகுருமி எனப்படும் சிறு பொம்மைப் பின்னலும் ஜப்பானிலிருந்து இவ்வழியாகவே உலகெங்கும் பரவியது. அமெரிக்க முறையும் பிரிட்டிஷ் முறையும் ஒரே பெயரை வெவ்வேறு கண்ணிகளுக்கு வழங்குவதால், வடிவம் எந்த நாட்டு முறையில் எழுதப்பட்டது என்பதை மட்டும் தொடக்கத்திலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

சென்னையில் விரிந்த போர்வை

இணையத்தில் கூடிய கைகள் எவ்வளவு பெரிய காரியத்தைச் செய்ய முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. சென்னையைச் சேர்ந்த சுபஸ்ரீ நடராஜன் முகநூலில் தொடங்கிய மதர் இண்டியாஸ் குரோஷே குவீன்ஸ் என்னும் குழு, 2016 ஜனவரி 31 அன்று உலகின் மிகப் பெரிய குரோஷா போர்வையைச் சென்னையில் விரித்துக் காட்டிக் கின்னஸ் சாதனை படைத்தது. அதன் பரப்பு 11,148.5 சதுர மீட்டர். அதற்கு முன் தென்னாப்பிரிக்காவில் நெல்சன் மண்டேலா நினைவாகப் பின்னப்பட்டுச் சாதனையாக இருந்த போர்வையைப்போல மூன்று மடங்குக்கும் மேல். இந்தியாவின் பல மாநிலங்களிலும் வெளிநாடுகளிலும் வாழும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள், ஏறத்தாழ ஒரு மீட்டர் பக்கமுள்ள சதுரங்களைத் தத்தம் வீடுகளில் பின்னி அனுப்ப, அவை ஒன்றாகத் தைக்கப்பட்டன. சாதனை பதிவான பிறகு அது தனித்தனிப் போர்வைகளாகப் பிரிக்கப்பட்டுத் தேவைப்பட்டவர்களுக்குக் கொடுக்கப்பட்டது.

எண்ணிக்கையை விட இம்முயற்சியின் உள்முறை கவனிக்கத்தக்கது. இருவர் ஒரே நூலில் ஒரே அளவு கொக்கியால் பின்னினாலும் ஒருவர் கை இறுக்கம் மற்றவர் கையில் வராது. ஒருவர் சதுரம் சுருங்கும், மற்றவர் சதுரம் விரியும். ஆயிரம் கைகளின் வேலை ஒரே விரிப்பாக இணைய வேண்டுமென்றால், தன் சதுரத்தை அளந்து, பொருந்தாவிட்டால் பிரித்து, மறுபடியும் பின்னும் பொறுமை ஒவ்வொருவருக்கும் வேண்டும். அந்தப் பொறுமையைத் தளராமல் காக்கும் பேச்சுத் துணை குழுவில் இருக்க வேண்டும். வேலைக்குப் போகாத, வீட்டில் தனித்திருந்த எத்தனையோ பெண்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கப்பட்ட திறன், ஓர் உலகப் பதிவில் இடம்பெற்றது இந்தக் கூட்டு ஒழுங்கினால்தான்.

மனமும் மருந்தும்

பின்னும்போது மனம் அமைதியடைவதாகப் பின்னுபவர்கள் சொல்வதை ஆய்வாளர்களும் கேட்டுப் பதிந்திருக்கிறார்கள். ஜில் ரைலி முதலானோர் 2013இல் பிரிட்டனின் தொழில்வழிச் சிகிச்சை இதழில் வெளியிட்ட ஆய்வு, பல நாடுகளைச் சேர்ந்த 3,545 பேரிடம் இணையம் வழியாகக் கேட்டறிந்தது. அடிக்கடி பின்னுபவர்கள் தாம் அமைதியாகவும் மகிழ்ச்சியாகவும் இருப்பதாகக் கூறுவது மிகுந்திருந்தது. குழுவாகப் பின்னுபவர்களிடம் மகிழ்ச்சியும் பிறரோடு பழகும் இயல்பும் கூடுதலாக வெளிப்பட்டன. பதிலளித்தவர்களின் சொந்தக் கூற்றையே சார்ந்தது என்பதால் இது நோய்க்கு மருந்து என்று சொல்வதற்கு இடமில்லை. ஆனால் இரு கையும் ஒரே சீராக அசைய, எண்ணிக்கையில் கவனம் நிற்க, வேலை கண்முன்னே வளரும்போது கவலை சற்றே விலகி நிற்கிறது என்பதை ஊசி பிடித்த எவரும் ஒப்புக்கொள்வர்.

பகிர்தலின் இன்னொரு முகம் கொடை. மார்பகப் புற்றுநோயால் மார்பை இழந்த பெண்களுக்காக மென்மையான பருத்தி நூலில் செயற்கை மார்பகம் பின்னித் தரும் நிட்டட் நாக்கர்ஸ் என்னும் இயக்கத்தை, அதே சிகிச்சைக்கு உள்ளான பார்பரா டெமோரெஸ்ட் அமெரிக்காவில் தொடங்கினார். எடை கூடிய, வியர்வையில் எரிச்சல் தரும் சிலிகான் உறுப்புக்குப் பதிலாக, காற்றோட்டமான இலகுவான இப்பின்னல் வெப்ப நாட்டுப் பெண்களுக்கு மிகவும் பொருந்துகிறது. இந்தியாவிலும் தன்னார்வப் பெண்கள் இணையம் வழியே வடிவத்தைக் கற்று, பின்னி, விலையின்றி அனுப்புகிறார்கள். விலைக்கு வாங்க இயலாத ஒருத்திக்கு, முகம் தெரியாத இன்னொருத்தி இரண்டு மாலைப் பொழுதில் பின்னி அனுப்பும் இப்பொருளைவிடக் கைவேலையின் பயனுக்குச் சிறந்த சான்று தேட வேண்டியதில்லை.

புதுச்சேரிக்கு அருகிலேயே இதற்கு இணையான ஒரு முயற்சி நடந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, ஆரோவில்லின் உபாசனா நிறுவனம் கடற்கரைக் கிராமங்களின் மீனவப் பெண்களுக்குத் தையலில் மிஞ்சிய துணித் துண்டுகளிலிருந்து சுனாமிகா என்னும் விரலளவுப் பொம்மையைச் செய்யக் கற்பித்தது. அப்பொம்மைகள் விற்கப்படவில்லை, பரிசாக வழங்கப்பட்டு, பெறுபவர் விரும்பித் தரும் நன்கொடையால் பெண்களுக்கு ஊதியம் கிடைத்தது. கடலைப் பார்க்கவே அஞ்சிய பெண்களை ஒன்றாக உட்கார வைத்தது ஊசியும் நூலும்தான். அவர்கள் செய்த லட்சக்கணக்கான பொம்மைகள் பல நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

உழைப்புக்கு விலை, கைக்குப் பெயர்

மகிழ்ச்சியை மட்டும் பேசி உழைப்பை மறப்பது நேர்மையாகாது. ஆந்திரத்தின் நரசாப்பூர்ப் பகுதியில் 19ஆம் நூற்றாண்டில் சமயப் பணியாளர்கள் அறிமுகப்படுத்திய குரோஷா லேஸ், ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தபோது, அதைப் பின்னிய பெண்கள் தொழிலாளர்களாக எண்ணப்படாமல் ஓய்வு நேரத்தைக் கழிக்கும் இல்லத்தரசிகளாகவே கணக்கிடப்பட்டார்கள். ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் 1982இல் வெளியிட்ட ஆய்வு நூல், அப்பெண்களின் நீண்ட உழைப்புக்கு மிகக் குறைந்த கூலியே கிடைத்ததையும், வணிகமும் லாபமும் ஆண்கள் கையில் இருந்ததையும் விரிவாகக் காட்டியது. அந்த லேஸுக்கு 2024இல் புவிசார் குறியீடு, அதாவது ஒரு பொருளின் பெயரை அது பிறந்த ஊருக்கே உரிமையாக்கும் சட்டப் பாதுகாப்பு, கிடைத்துள்ளது. வில்லியனூர்ச் சுடுமண் சிற்பமும் திருக்கனூர்க் காகிதக்கூழ்க் கலையும் இக்குறியீட்டை ஏற்கனவே பெற்றிருப்பதால், கைத்திறனுக்குப் பெயர் கிடைப்பதன் பொருள் இக்கொம்யூன்களுக்குப் புதிதன்று.

இங்கே ஒரு தொழில்நுட்ப உண்மை நினைவில் நிற்க வேண்டும். ஸ்வெட்டர் முறைப் பின்னலுக்கு இங்கிலாந்தில் வில்லியம் லீ 1589இலேயே எந்திரம் கண்டுவிட்டார். திருப்பூரின் பின்னலாடைத் தொழில் முழுவதும் அதன் வழிவந்த எந்திரங்களில்தான் நடக்கிறது. குரோஷாவை முழுமையாகச் செய்யும் எந்திரம் தொழிற்சாலைகளுக்கு இன்றுவரை வரவில்லை. அதன் தோற்றத்தை ஒத்த துணியையே எந்திரங்கள் தருகின்றன. எனவே கடையில் மலிவு விலையில் தொங்கும் உண்மையான குரோஷா ஆடை ஒவ்வொன்றும் எங்கோ ஒருவர் மணிக்கணக்கில் கையால் பின்னியது. அந்த விலையில் அவருக்கு என்ன கிடைத்திருக்கும் என்று வாங்குபவர் எண்ணிப் பார்க்க வேண்டும். கூடை விற்பவரும் ஒயருக்கான செலவோடு தம் நேரத்துக்கான கூலியையும் சேர்த்தே விலை சொல்ல வேண்டும். ஒயர் விலையை மட்டும் எடுத்துக்கொண்டு கொடுத்துவிடும் பழக்கம், அடுத்தவர் கூலியையும் சேர்த்துக் குறைத்துவிடுகிறது.

இணையப் பகிர்வுக்கும் நெறி உண்டு. பிறர் விலைக்கு விற்கும் வடிவத்தைப் படமெடுத்துக் குழுவில் போடுவது அவர் வருமானத்தைப் பறிப்பது. ஒருவர் இலவசமாகத் தந்த வடிவத்தைப் பின்னிக் காட்டும்போது அவர் பெயரைச் சொல்வது கடமை. பாட்டியிடம் கற்ற முடிச்சானால் பாட்டியின் பெயரையும் ஊரையும் சொல்லலாம். எழுத்தில் எங்கும் பதிவாகாத ஒரு கலைக்கு அதுவே முதல் ஆவணம்.

தொடங்குவதற்குப் பெரிய முதலீடு தேவையில்லை. ஒரு கொக்கி ஊசி, ஒரு பந்துப் பருத்தி நூல், முதல் நாளில் சங்கிலிக் கண்ணி, இரண்டாம் நாளில் ஒற்றைக் கண்ணி, ஒரு வாரத்தில் பாத்திரம் பிடிக்கும் சிறு சதுரம் என்ற வரிசையில் எவரும் கற்கலாம். கோடையில் உறுத்தும் அக்ரிலிக் உல்லனைவிட இந்நிலத்துக்குப் பருத்தியே ஏற்றது. மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கூட்டத்தில் கடன் கணக்கு முடிந்தபின் அரைமணி நேரம் பின்னலுக்கு ஒதுக்கினால், தெரிந்தவர் தெரியாதவருக்குக் கற்பிக்க வேறு இடம் தேட வேண்டாம். பள்ளிகளில் கைவேலை வகுப்பை மாணவிகளோடு நிறுத்தாமல் மாணவர்களுக்கும் சேர்த்து நடத்துவது நல்லது. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் பின்னல் சங்கங்கள் ஆண்களுடையவையாகவே இருந்தன.

வில்லியனூரிலோ பாகூரிலோ, வேறெந்தத் தமிழ் ஊரிலோ, வீட்டில் கூடையோ குல்லாவோ பின்னும் தாயோ அத்தையோ இருந்தால், அவர் கை வேலை செய்வதை இந்த வாரமே கைப்பேசியில் படம்பிடித்து, அவர் சொல்லும் விளக்கத்தை அவர் குரலிலேயே பதிந்து, அவர் விருப்பத்தோடு அவர் பெயரைச் சேர்த்துப் பகிருங்கள். அதைப் பார்த்து இன்னொருவர் ஊசி எடுப்பார், அக்கலை அவருக்குப் பிறகும் நிலைக்கும்.